முழுக் கைபிடியிலும் சுற்று ஏறாத எஞ்சின்

படகின் பின்பலகையில் மாட்டும் பழைய வெளியிணைப்பு எஞ்சின் ஒன்று முன்புபோல ஓடவில்லை என்று கரையில் யாராவது சொன்னால், கேட்பவர்களில் பெரும்பாலானோர் உடனே சொல்வது அதற்கு வயது போய்விட்டது என்பதுதான். யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில் எஞ்சின் திருத்துவதையே தொழிலாகக் கொண்ட என்னால் இந்தப் பதிலை ஏற்க முடிவதில்லை. வயது எந்த எஞ்சினின் சுற்றையும் குறைப்பதில்லை. அடைபட்ட ஜெட் (காபரேற்றரில் எரிபொருள் வரும் சிறு துவாரம்), கிழிந்த பம்புச் சவ்வு, கரி பிடித்த புகைவாசல், படகுக்குப் பொருந்தாத புறொப்பெல்லர் என்று குறிப்பிட்ட ஏதோ ஒன்றுதான் குறைக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். பெரும்பாலான வேளைகளில் அதிகச் செலவில்லாமல் சரிசெய்யவும் முடியும். வயதின் மேல் பழியைப் போட்டுத் தேடலை நிறுத்திவிடுவதால், இன்னும் பல வருடங்கள் உழைக்கக்கூடிய எஞ்சின்கள் பாகம் பாகமாகக் கழற்றி விற்கப்படுவதைப் பார்க்க எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

முதலில் குறைவு என்றால் எவ்வளவு குறைவு என்பதற்கு ஓர் எண் வேண்டும். எங்கள் பக்கத்தில் பதினெட்டு, இருபது அடி கண்ணாடியிழைப் படகுகளில் பரவலாக இருக்கும் 15 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், இரு ஸ்ரோக் எஞ்சின்களுக்கு, முழுக் கைபிடியில், அதாவது வேகக் கைபிடியை முழுவதும் திருகிய நிலையில், நிமிடத்துக்கு 4500 முதல் 5500 வரையான சுற்று என்று கையேட்டில் பொதுவாகக் குறிப்பிட்டிருப்பார்கள். இது தாண்டக்கூடாத எல்லையை மட்டும் சொல்லும் எண் அல்ல. வழக்கமான ஆட்களும் வலையும் ஏற்றிக்கொண்டு, கைபிடியை முழுவதும் திருகும்போது எஞ்சின் வந்து நிற்கவேண்டிய இடமும் அதுதான். சுற்று அதற்குக் கீழே நின்றால் எஞ்சின் அலுப்பில்லாமல் ஓடுகிறது, அதனால் நீண்டகாலம் உழைக்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. கைபிடி முழுவதும் திறந்திருக்க, எரிபொருளும் காற்றும் முழு அளவில் போய்க்கொண்டிருக்க, சுற்று மட்டும் ஏற முடியாமல் நிற்கும் எஞ்சின் பாரத்தில் திணறுகிறது. பிஸ்ரன் தலையில் சூடு ஏறுகிறது, கரி வேகமாகப் படிகிறது, தண்டின் பெயரிங்குகள் ஒவ்வொரு வெடிப்பின் அழுத்தத்தையும் கூடுதல் நேரம் தாங்குகின்றன. ஆகவே சுற்றுக் குறைவை வேகம் பற்றிய குறையாக மட்டும் பார்ப்பது தவறு. அந்த எஞ்சினின் ஆயுள் குறைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

எரிபொருள் செலவும் இதில் இருக்கிறது. 2022 ஓகஸ்ட் மாதம் இலங்கையில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்ந்தபோது, சிறுதொழில் செய்யும் கடற்றொழிலாளர் பட்ட பாட்டை இங்கே எல்லோரும் அறிவார்கள். அதன் பின் அரைகுறையாக எரிந்து புகையாகப் போகும் ஒவ்வொரு லீற்றரும் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து எடுக்கப்படும் பணம்.

இதையெல்லாம் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட, அண்மையில் என்னிடம் வந்த ஓர் எஞ்சினை வைத்துச் சொல்வது பயனுள்ளதாக இருக்கும். அது 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின். பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை. உரிமையாளர் என்னைவிட மூத்தவர், அந்த எஞ்சினிலேயே பிள்ளைகளைப் படிப்பித்தவர். "தம்பி, எஞ்சினுக்கு வயசு போட்டுது, இனி உவ்வளவுதான் ஓடும். ஆரும் கேட்டால் குடுத்துவிடு" என்று சொல்லித்தான் கொண்டுவந்து இறக்கினார். "அண்ணை, குடுக்கிறதுக்கு முன்னம் ஒருக்கால் கடலிலை பாத்துவிடுவம்" என்று கேட்டுக்கொண்டேன். அவருடைய படகிலேயே, அவருடைய வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றி, வழக்கமாகப் போகும் ஆட்களோடு வெளியே கொண்டுபோய்க் கைபிடியை முழுவதும் திருகியபோது சுற்றுமானி 3900 காட்டியது. அதற்குமேல் ஒரு சுற்றும் ஏறவில்லை.

சுற்றுமானியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பிளக் வயரில் கம்பியைச் சுற்றிப் பொருத்தும் சிறிய மின்னணுச் சுற்றுமானி இப்போது மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் சில இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்களில் பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் ஒரே கொயில் இரண்டு பிளக்குக்கும் ஒரே நேரத்தில் பொறி கொடுப்பதால், ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி வரும். சுற்றுமானியை அதற்கேற்ப அமைக்காவிட்டால் அது உண்மையைப்போல இரண்டு மடங்கைக் காட்டும். மெதுவோட்டத்தில் 1800 என்று காட்டினால் எண்ணை நம்பாமல் அமைப்பைச் சரிபார்க்கவேண்டும். சோதனையைக் கரையில் கட்டி வைத்தும் செய்யக்கூடாது. நகராத படகில் புறொப்பெல்லருக்குப் பாரம் கூடி, நல்ல எஞ்சினும் குறைந்த சுற்றையே காட்டும். நியூற்றலில் முழுக் கைபிடி கொடுத்துப் பார்ப்பது இன்னும் மோசம். பாரமில்லாத எஞ்சின் எல்லை மீறிச் சுற்றித் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும்.

அடுத்ததாக, குறை எந்த வடிவத்தில் வருகிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். தொடக்கத்திலிருந்தே சுற்று ஏறாமலிருப்பது ஒன்று. நன்றாக ஏறி, சில நிமிடங்களில் விழுவது வேறொன்று; அங்கே எரிபொருள் வரத்து, சூடாகும் கொயில், குளிர்நீர் ஆகிய மூன்றையும்தான் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் அலறிச் சுற்ற, படகு மட்டும் நகராவிட்டால் அது சுற்றுக் குறைவே அல்ல. புறொப்பெல்லரின் நடு றப்பர் வழுக்குகிறது, அல்லது அதன் விசிறி இதழ்கள் காற்றை இழுக்கின்றன. இந்த எஞ்சின் முதல் வகை. அதோடு இன்னொரு செய்தியையும் அண்ணை சொன்னார். வேகம் ஒரே நாளில் விழவில்லை, ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது என்றார். கேட்பதற்குச் சாதாரணமாக இருந்தாலும் இது மிகப் பெறுமதியான தகவல். உடைவதும் அடைபடுவதும் திடீரென்று நடக்கும். தேய்வதும் படிவதும் மெதுவாக நடக்கும்.

எஞ்சினைத் தொடுவதற்கு முன் படகைப் பார்த்தேன். பலரும் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். கடலில் கிடக்கும் படகின் அடியில் பாசியும் சிப்பியும் பிடித்தால், எவ்வளவு நல்ல எஞ்சினாலும் சுற்றை ஏற்ற முடியாது. பழைய கண்ணாடியிழைப் படகுகளில் இன்னொரு மறைவான பாரம் உண்டு. மிதப்புக்காக உள்ளே அடைத்த நுரை, வெடிப்புகளின் வழியாக வருடக்கணக்கில் தண்ணீரை உறிஞ்சிப் படகையே கனமாக்கிவிடும். முன்பு நான்கு பேர் தள்ளி ஏற்றிய படகுக்கு இப்போது ஆறு பேர் வேண்டியிருந்தால் சந்தேகம் அங்கேதான் தொடங்கவேண்டும். எஞ்சின் தொங்கும் உயரத்தையும் பார்க்கவேண்டும். புறொப்பெல்லருக்கு மேலுள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருப்பது நல்லது. குட்டைத் தண்டு எஞ்சினுக்கு 15 அங்குலமும் நீளத் தண்டு எஞ்சினுக்கு 20 அங்குலமும் பின்பலகை உயரம் என்பது வழக்கம். பொருந்தாத பலகையில் மாட்டிய எஞ்சின் தன் காலையே தண்ணீரில் இழுத்துக்கொண்டு போகும். புறொப்பெல்லரைக் கழற்றி, தண்டில் தங்கூசி (நைலோன் தூண்டில் நரம்பு) சுற்றியிருக்கிறதா என்றும் பார்த்தேன். கொஞ்சம் சுற்றியிருந்தது, அது கியர்ப் பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் றப்பர் சீலை வெட்டுமுன் எடுத்தது நல்லதுதான், ஆனால் ஆயிரம் சுற்றைத் தின்னும் அளவு அல்ல. படகின் அடி சுத்தமாகவே இருந்தது.

புறொப்பெல்லரின் நடுவில் 9¼ x 12 என்று பொறித்திருந்தது. முதல் எண் விட்டம். இரண்டாவது பிச், அதாவது வழுக்கல் இல்லாமல் ஒரு சுற்றில் அது எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற அளவு. வலை ஏற்றிய தொழிற்படகை 15 குதிரைவலுவால் தள்ளுவதற்குப் பன்னிரண்டு பிச் அதிகம். அந்த இடத்திலேயே அதை மாற்றிச் சிறிய பிச் போட்டிருந்தால் எண் ஏறியிருக்கும், எல்லோரும் திருப்தியோடு வீட்டுக்குப் போயிருப்போம். நான் அப்படிச் செய்யவில்லை, செய்யக்கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. உள்ளே பழுதுள்ள எஞ்சினுக்குச் சிறிய பிச் போட்டால் சுற்று சரியாகிவிடும், பழுது அப்படியே இருக்கும். அதைக் காட்டிக்கொடுத்த ஒரே அறிகுறியையும் நாமே அழித்துவிடுவோம். மேலும் அண்ணை அந்தப் புறொப்பெல்லரைப் போட்டு நெடுநாளாகிவிட்டது, போட்ட காலத்தில் படகு இதைவிட நன்றாக ஓடியது. பிச் மட்டுமே காரணமென்றால் குறை முதல்நாளே இருந்திருக்க வேண்டும். எனவே புறொப்பெல்லர் விசயத்தைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தேன்.

எரிபொருளைச் சோதிக்கச் சாவியே தேவையில்லை. முழுக் கைபிடியில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் எரிபொருள் குழாயில் இருக்கும் றப்பர் பம்பை விடாமல் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சுற்று ஏறினால் எஞ்சினுக்கு எரிபொருள் போதவில்லை என்று பொருள். அப்போது எஞ்சினிலுள்ள பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது குழாய் இணைப்பிலுள்ள றப்பர் வளையம் காற்றை உள்ளே விடலாம். றப்பர் பம்பு தானாகவே சப்பிப்போனால் அடைப்பு அதற்கு முன்னால், எரிபொருள் தாங்கிப் பக்கத்தில் இருக்கிறது. தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பதே பெரும்பாலும் காரணம். பழைய குழாய்களின் உட்தோல் பிரிந்து, இழுக்கும்போது உள்ளே மடிந்து அடைப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் குழாய் புதிதுபோலவே இருக்கும். அடுத்த சோதனை, காற்று வரும் வழியை ஒடுக்கும் சோக். முழு ஓட்டத்தில் சோக்கை ஒரு நொடி சிறிது இழுக்கும்போது சுற்று ஏறினால் கலவையில் எரிபொருள் குறைவு. எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரின் பிரதான ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். மெதுவோட்டத்துக்கு வேறு துவாரம் இருப்பதால், பிரதான ஜெட் அடைபட்ட எஞ்சின் கரையில் அழகாக ஓடிக்காட்டி, கடலில் கைபிடியைத் திருகும்போதுதான் குணத்தைக் காட்டும். இதை அலட்சியப்படுத்துவது ஆபத்து. இரு ஸ்ரோக் எஞ்சினில் எண்ணெய் எரிபொருளோடு கலந்தே வருகிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறைந்து பிஸ்ரன் பிடித்துக்கொள்ளும். ஜெட்டைச் சுத்தம் செய்யக் கம்பி விடுவதை நான் யாரையும் அனுமதிப்பதில்லை. பித்தளைத் துவாரம் மயிரளவு பெருத்தாலும் கலவை மாறிவிடும். கரையில் எங்கும் கிடக்கும் மெல்லிய தங்கூசி நரம்பும் காற்றும் போதும்.

இந்த எஞ்சினில் றப்பர் பம்பை அழுத்தியபோது சுற்று அசையவில்லை. சோக்கை இழுத்தபோது சுற்று ஏறுவதற்குப் பதிலாக விழுந்தது. ஆகவே எரிபொருள் போதிய அளவில் போகிறது. இந்த இரண்டு சோதனையையும் செய்யாமல் காபரேற்றரைக் கழற்றுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. குற்றமில்லாத ஒரு பாகத்தைக் கழற்றி, பாகங்களுக்கு இடையில் கசிவைத் தடுக்கும் பழைய பக்கிங்கைக் கிழித்து, இல்லாத பழுதை உண்டாக்கிவிடுகிறார்கள்.

பொறியைப் பார்ப்பதற்கு ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கும் முறை நம்பகமானது. ஓடும்போது ஒரு பிளக்கின் பொறியை எஞ்சின் உடம்போடு சேர்த்து நிலமிட்டால் சுற்று தெளிவாக விழவேண்டும். இரண்டும் ஒரே அளவு விழுந்தால் இரண்டு சிலிண்டரும் வேலை செய்கின்றன. ஒன்றை நிறுத்தியும் மாற்றமில்லையென்றால் அந்தச் சிலிண்டர் முன்பே செத்துவிட்டது. வயரைச் சும்மா பிடுங்கிக் காற்றில் தொங்கவிடக் கூடாது. போக இடமில்லாத உயர் மின்னழுத்தம் கொயிலையோ, பொறியைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. என்ற மின்னணுப் பெட்டியையோ துளைத்துவிடும், கையில் பட்டால் ஆளையும் தூக்கி எறியும். பிளக்கின் வெப்ப எண்ணும் கவனத்துக்குரியது. மோட்டார் சைக்கிள் பிளக்கின் மரை சரியாகப் பொருந்துகிறதென்று அதையே போட்டு ஓடுபவர்கள் உண்டு. என்.ஜி.கே. பிளக்குகளில் எண் கூடக்கூட பிளக் குளிர்ந்த வகை. தவறான எண்ணுள்ள பிளக், ஒன்றில் கரி பிடித்து இறக்கும், அல்லது சூடேறிப் பிஸ்ரனில் ஓட்டை போடும். இங்கே இரண்டு சிலிண்டரும் சமமாகவே விழுந்தன. பிளக்குகள் மட்டும் கறுத்து ஈரமாக இருந்தன. எரிபொருள் கூடுதலாகவும் மூச்சு குறைவாகவும் இருக்கும் எஞ்சினின் முகம் அது.

கைபிடியிலிருந்து காபரேற்றர் வரை உள்ள இணைப்புகளையும் பார்த்தேன். கைபிடி முழுவதும் திருகிய நிலையில் காபரேற்றரின் தகடு உண்மையிலேயே கிடையாக, முழுவதும் திறந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் காணவேண்டும். பழைய எஞ்சின்களில் வயர் இழுபட்டு, உருளை தேய்ந்து, கைபிடி முழுமை என்று சொல்லும்போது தகடு முக்கால்வாசிதான் திறந்திருக்கும். பல பழைய இரு ஸ்ரோக் எஞ்சின்களில் கைபிடியைத் திருகும்போது பறக்கும் சக்கரத்தின் கீழுள்ள தட்டும் சேர்ந்து திரும்பி, பொறியை முன்கூட்டியே கொடுக்கச் செய்யும். உப்பு இறுகி அந்தத் தட்டு பிடித்துக்கொண்டாலோ, இணைப்புக் கம்பி கழன்றாலோ, எஞ்சின் நன்றாகத் தொடங்கும், ஆனால் சுற்று மட்டும் ஏறாது. இந்தப் பழுது அதிகம் வருவதில்லை. வந்தால் ஒருவரும் கண்டுபிடிப்பதில்லை. இந்த எஞ்சினில் தட்டு இறுக்கமின்றி முழுத் தூரமும் திரும்பியது.

கவரைக் கழற்றி ஓடியும் பார்த்தோம். கவர் இல்லாமல் சுற்று ஏறினால், உள்ளே புகை கசிந்து எஞ்சின் தன் புகையையே சுவாசிக்கிறது என்று பொருள். மாற்றமில்லை.

எஞ்சின் சூடாக இருக்கும்போதே இரண்டு பிளக்கையும் கழற்றி, கைபிடியை முழுவதும் திறந்துவைத்து, அழுத்தமானியால் அளந்தேன். ஒன்று சதுர அங்குலத்துக்கு 88 இறாத்தல் (psi), மற்றது 84. மண்ணெண்ணெய் எஞ்சின்களுக்குப் பெற்றோல் எஞ்சின்களைவிட அழுத்தம் குறைவாகவே வைத்திருப்பார்கள், ஏனெனில் மண்ணெண்ணெய் அதிக அழுத்தத்தில் தானே வெடித்துத் தட்டும். எனவே எண்ணின் உயரத்தைவிட, இரண்டும் நெருக்கமாக இருப்பதுதான் முக்கியம். பத்து வீதத்துக்குமேல் வித்தியாசம் வந்தால் பிஸ்ரனைச் சுற்றியுள்ள றிங் அல்லது சிலிண்டர் சுவரைச் சந்தேகிக்கலாம். அழுத்தம் சமமாக இருப்பதால் எல்லாம் சுகம் என்று முடிவுசெய்யவும் முடியாது. தலையில் படிந்த கரி இடத்தைக் குறைத்து அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். அழுத்தமானியால் காணமுடியாத இன்னோர் இடமும் இருக்கிறது. சந்தேகம் முழுவதும் இப்போது அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

இரு ஸ்ரோக் எஞ்சினில் புகை வெளியேற வால்வு கிடையாது. பிஸ்ரன் கீழே இறங்கும்போது சிலிண்டர் சுவரிலுள்ள வாசல் திறக்கிறது. எரிந்த வாயு அதன் வழியே போகவேண்டும், அது போனால்தான் புதிய கலவை உள்ளே வர இடம் கிடைக்கும். மெதுவோட்டத்தில், நிமிடத்துக்கு 900 சுற்றில், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 67 மில்லி விநாடி கிடைக்கிறது. 4500 சுற்றில் கிடைப்பது வெறும் 13 மில்லி விநாடி, அதிலும் வாசல் திறந்திருப்பது பாதிக்கும் குறைவான நேரம். வாசலில் கரி படிந்து வழி ஒடுங்கினால், மெதுவோட்டத்தில் நேரம் தாராளமாக இருப்பதால் ஒன்றும் தெரியாது. சுற்று ஏற ஏற, வாயு வெளியேறி முடிவதற்குள் வாசல் மூடிவிடும். மிஞ்சிய புகையோடு கலந்த கலவை சரியாக எரிவதில்லை, சரியாக எரியாதது மேலும் கரியாகப் படிகிறது. அதனால்தான் இந்தக் குறை மெதுவாகத் தொடங்கிப் பின்னர் விரைவாகக் கூடுகிறது. மண்ணெண்ணெய் எஞ்சின்களில் இது பெற்றோல் எஞ்சின்களைவிட முன்னதாகவே வந்துவிடும். போதிய சூடு வருமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றுபவர்களுக்கும், நிறுத்துவதற்கு முன் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓட்டாதவர்களுக்கும் இன்னும் முன்னதாக வரும். தண்ணீரில் குளிரும் எஞ்சின்களுக்கென்று உள்ள, டி.சி.டபிள்யூ 3 என்று குறியிட்ட எண்ணெயை விட்டு, முச்சக்கர வண்டிக்கு ஊற்றும் எண்ணெயைக் கலப்பதும் கரியைக் கூட்டும்.

எஞ்சினின் பக்கத்திலுள்ள புகைமூடியைக் கழற்றுவதுதான் இந்த வேலையில் மிகவும் பொறுமை வேண்டிய பகுதி. உப்பில் இறுகிய சிறிய போல்ட்டுகள் அவசரப்பட்டால் தலை முறிந்து உள்ளே தங்கிவிடும். முதல்நாள் மாலையே துரு நெகிழ்க்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்து, மறுநாள் அலுமினிய உடம்பைச் சூடாக்கி, ஒவ்வொன்றையும் முதலில் இறுக்கும் பக்கமாக மயிரளவு அசைத்து, பிறகு தளர்த்தும் பக்கமாகக் கால் சுற்று, மீண்டும் இறுக்கும் பக்கமாக என்று முன்னும் பின்னும் ஆட்டியே எடுக்கவேண்டும். வெளித்தகட்டையும், குளிர்நீர் ஓடும் இடைவெளிக்கு அப்பாலுள்ள உள்தகட்டையும் எடுத்தபோது இரண்டு வாசல்களும் தெரிந்தன. மேல் சிலிண்டரின் வாசலில் பாதி உயரத்துக்குக் கரி. மேற்புறம் நிலக்கரிபோல் காய்ந்து வெடித்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டியபோது அடியில் தார்போல் ஒட்டும் பளபளப்பான படை இருந்தது. கீழ் வாசல் சற்றுக் குறைவு. அண்ணையை அழைத்துக் காட்டினேன். நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "உதுக்குள்ளாலையே இவ்வளவு நாளும் மூச்சு விட்டவன்?" என்று கேட்டார்.

கரியை இரும்பு ஆயுதத்தால் சுரண்டக்கூடாது. பிஸ்ரனை வாசலுக்குக் கீழே இறக்கிவைத்து, கடினமான மரச் சீவலாலோ மழுங்கிய அலுமினியப் பட்டையாலோ, சிலிண்டரின் உட்புறத்திலிருந்து விலகி வெளிநோக்கியே சுரண்டவேண்டும். வாசலின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் றிங் அதில் ஒவ்வொரு சுற்றும் உரசும். சுரண்டிய துகள் எதுவும் உள்ளே போய்விடாமல் துணியால் துடைத்து, காற்றடித்து, மறுபடி துடைக்கவேண்டும். தலையையும் கழற்றிப் பிஸ்ரன் முகத்தைச் சுத்தம் செய்தேன்; வாசலினூடாகச் சிறிய மரக்குச்சியால் றிங்கை அமுக்கிப் பார்த்தபோது அது துள்ளித் திரும்பியது. கரியில் பிடித்துக்கொண்ட றிங் அப்படித் துள்ளாது. உள்தகட்டின் மறுபக்கத்தில், குளிர்நீர் ஓடும் பாதையில், உப்பும் ஓரளவு படிந்திருந்தது, அதையும் எடுத்தேன். பக்கிங் எல்லாம் புதிதாகப் போட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கி இரண்டு தடவையாக இறுக்கி, போல்ட் மரைகளுக்குக் கடலெஞ்சின் கிறீஸ் பூசி மூடினேன். பழைய பக்கிங்கைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. அங்கே தண்ணீர் கசிந்தால் அது சிலிண்டருக்குள்தான் போகும்.

அதே படகு, அதே பாரம், அதே புறொப்பெல்லர். சுற்றுமானி 4400 காட்டியது. வயது போனதாகச் சொல்லப்பட்ட எஞ்சினில் ஐந்நூறு சுற்று கரியின் பின்னால் மறைந்திருந்தது.

இப்போதுதான் புறொப்பெல்லரைப் பற்றிப் பேச நேரம் வந்தது. பிச் ஓர் அங்குலம் குறைந்தால் முழுக் கைபிடியில் சுற்று ஏறக்குறைய 150 முதல் 200 வரை ஏறும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 4400 இலிருந்து எல்லைக்குள் நன்றாக வர இரண்டு அங்குலத்துக்குக் கூடிய குறைப்பு தேவைப்பட்டது. 9¼ x 9¾ ஒன்றைப் போட்டோம். அண்ணைக்கு முதலில் விருப்பமில்லை. பிச் கூடினால் படகு ஓடும், குறைந்தால் நிற்கும் என்பது கரையில் வேரூன்றிய நம்பிக்கை. வெறும் படகுக்கு அது ஓரளவு உண்மை; வலையும் மீனும் ஏற்றிய படகில், எஞ்சினால் சுற்ற முடியாத பிச் வெறும் பாரம்தான். கியரின் விகிதம் 2.08 (எஞ்சின் 2.08 தடவை சுற்றினால் புறொப்பெல்லர் ஒரு தடவை சுற்றும்) என்று வைத்துக் கணக்குப் போட்டால், 12 பிச்சில் 3900 சுற்றுக்கு வழுக்கல் இல்லாத வேகம் மணிக்கு ஏறக்குறைய 18½ கடல்மைல். 9¾ பிச்சில் 4800 சுற்றுக்கும் அதே 18½ தான் வருகிறது. வழுக்கலைக் கழித்தால் உண்மையான வேகம் இரண்டிலும் இதைவிடக் குறைவு. கணக்கில் சமமாக இருந்தாலும், முதலாவதில் எஞ்சின் திணறி நிற்கிறது, இரண்டாவதில் தன் இயல்பான இடத்தில் ஓடுகிறது. பாரம் ஏற்றிய படகு அலையில் ஏறி மட்டத்துக்கு வரவேண்டிய வேளையில், கைக்குத் தெரியும் வித்தியாசம் அதுதான்.

புதிய புறொப்பெல்லரோடு சுற்று 4850. முழு ஓட்டத்திலேயே எஞ்சினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டும் வெளிறிய மண்ணிறத்துக்கு வரத் தொடங்கியிருந்தன. வெள்ளையாக இருந்திருந்தால் மூச்சு திறந்த எஞ்சினுக்குக் கலவை போதவில்லையோ என்று ஜெட்டைத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தேவை எழவில்லை. கியர்ப் பெட்டியின் எண்ணெயையும் வடித்துப் பார்த்தேன். பால்போல் வெளுத்திருக்கவில்லை, ஆனால் தங்கூசி சுற்றிய இடத்தில் சீலின் உதடு தேய்ந்திருந்ததால் அதை மாற்றிவிட்டேன்.

எட்டு பிச் போட்டால் இன்னும் முந்நூறு சுற்று ஏறும், மீன் நிறையப் பட்ட நாளில் திரும்பி வர இலகுவாக இருக்கும் என்று சொன்னேன். வெறும் படகோடு வெளியே போகும்போது 5500 ஐத் தாண்டிவிடக் கூடும், அப்போது கைபிடியைக் கவனமாகப் பிடிக்கவேண்டும் என்பதையும் சொன்னேன். இப்போதைக்கு 9¾ போதும் என்றார். பழைய பன்னிரண்டு பிச்சைத் தன்னிடமே வைத்திருக்கிறார். அடுத்த பருவத்தில் புகைமூடியைத் திரும்பக் கழற்றிப் பார்ப்பதற்கு இப்போதே நாள் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.